நான் கேஸாக இருந்த ஏழு நாள்

என் ஒன்பதாவது வயதில் நான் ஏழு நாள் வாந்திபேதியில் கிடந்தேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. கையில் ஊசி ஏற்றி, தலைமாட்டில் பாட்டில் தொங்கவிட்டு, பார்லிக் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்து என்னைப் பிழைக்க வைத்தார்கள். அந்த ஏழு நாளும் நான் எங்கள் வீட்டு உள்ளறையில், ஜன்னல் சாத்திய இருட்டில், கட்டிலின் மேல் சம்மணமிட்டுப் பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன்.

இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், எரிச்சலில்தான். வானகரத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் கொசுக் காய்ச்சல். பின்பக்கத்துக் காலிமனையில் போன மழைத் தண்ணீர் இன்னும் பச்சையாக நிற்கிறது. வாட்ஸப் குழுவில் ஒருவர் புகார் எண்ணைப் போடுகிறார், ஒருவர் கும்பிடும் கையைப் போடுகிறார், ஒருவர் நிலவேம்புச் செடியின் படத்தைப் போடுகிறார். நான் போனில் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். இரண்டை அழுத்து என்றது, அதையும் அழுத்தினேன். பாட்டு முடிந்து கடைசியில் வந்த பெண் குரல், “அந்த மனை பஞ்சாயத்துல வருதா, கார்ப்பரேஷன்ல வருதா மேடம்?” என்றது. கொசுவைத்தான் கேட்க வேண்டும் என்றேன். மறுநாள் காலை குறுஞ்செய்தி: தங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. அதைப் படித்தபோது என் புறங்கையில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. தீர்த்து வைக்கப்படாத கொசு.

அடித்தேன். அம்மாவின் நினைவு வந்தது.

அப்போது நாங்கள் இருந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை. அப்பா அங்கே ஃபிட்டர். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அண்ணனூர் ஷெட்டில் ரயில்கள் அலுத்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். ஒரு மாடிப்படிக்கு நாலு வீடு, நாலு வீட்டுக்கு நாலு ஜில்லா. நாங்கள் திருநெல்வேலி. தலைக்கு மேல் கோயம்புத்தூர். ஒரே வெயிலில் நாலு விதமான வடகம் காயும்.

குவார்ட்டர்ஸைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவரில் ஒரு ஓட்டை. எஸ்டேட் ஆபீஸ்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை செங்கல் வைத்து அடைப்பார்கள். அடுத்த அமாவாசைக்குள் செங்கல் எல்லாம் தானாக நடந்துபோயிருக்கும். ஓட்டைக்கு அந்தாண்டை ஒரு தெரு. எங்கள் கட்டடங்களைக் கட்ட வந்தவர்கள், எங்கள் பாத்திரங்களைத் தேய்க்கிறவர்கள், எங்கள் துணிகளைத் தேய்க்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான். அந்தத் தெருவுக்கென்று ஒரு குழாய் உண்டு. அது சாக்கடைக்குள்ளேயே படுத்து வந்து, தெரு முனையில் தலையைத் தூக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஓட்டை வழியே குனிந்து வந்து எங்கள் தோட்டக் குழாயில் குடம் பிடித்துப் போவார்கள். தாகமெடுத்த பிள்ளைகளுக்கு அவ்வளவு விவரம் கிடையாது.

இஸ்திரிக்காரம்மா அந்த ஓட்டை வழியாகத்தான் தினமும் வருவாள். தள்ளுவண்டி எங்கள் வாதாமரத்தடியில் நிற்கும். அவளுடைய மகள் அஞ்சலைக்கு என் வயது, என் உயரம், என் மாதிரியே ஒரு முன்பல் கிடையாது. என் பழைய பாவாடையை அவள் போட்டுக்கொண்டு வரும்போது, நானே வந்துகொண்டிருப்பதைப் பார்ப்பது போல இருக்கும். அது எனக்குப் பிடிக்காது.

அது ஒரு திங்கட்கிழமை. நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இஸ்திரிக்காரம்மா வண்டிப் பக்கம் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் அஞ்சலை ஈரத்துணி மாதிரி தொங்கினாள்.

“யக்கா, இத்த பாருக்கா. ராவெல்லாம் போய்க்கினே கீது. கண்ணு சொருகிக்கிச்சு. எத்தினி தபா கூப்ட்டாலும் ஊம்ங்கல.”

அம்மா அஞ்சலையின் கையைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது. நான் ஆர்வமாக என் கையையும் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது.

“டாக்டர்ட்ட போனியா?”

“ஊசி போட்றவர்ட்ட காட்னேன். தொத்து வியாதி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு போவணும்ன்ட்டாரு. அது டவுனுக்கு அந்தப் பக்கம்க்கா. ரெண்டு பஸ்சு, ஒரு ரயிலு. நடுவுல இன்னாச்சும் ஆச்சின்னா? போனவாரம் எங்க தெருவுல ஒருத்தன் போனான், திரும்பி வரவேல்ல.”

தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி உண்டு. சைக்கிள் ரிக்‌ஷாவில் பத்து நிமிஷம். ஆனால் அதன் வாசலில் மெடிக்கல் புத்தகத்தைக் காட்ட வேண்டும். தொழிலாளியின் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், மேலே குடும்பப் படம். படத்தில் நான் கடைசி நொடியில் தலையை ஆட்டிவிட்டேன். அதனால் என் கழுத்துக்கு மேலே ஒரு சாம்பல் நிறப் புகை மட்டும் இருந்தது. அந்தப் புகைக்காக நான் ஸ்டூடியோவிலேயே குட்டு வாங்கியவள்.

அம்மா பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள். அஞ்சலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில், ஒரு பாத்திரத்தை இரவல் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவளின் கணக்கு இருந்தது.

“ஏட்டி கோமதி, உள்ள போ. ஜன்னலச் சாத்து. நான் வாரவரைக்கும் மூச்சு விடப்படாது.”

“ஸ்கூலு?”

“உனக்கு ஒடம்பு சரியில்லட்டி” என்றாள் அம்மா.

சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்போது வழியிலேயே நாலு பேர் அவரைப் பிடித்துத் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். மகளுக்கு வாந்திபேதியாமே, ஐசோலேஷன் வார்டாமே என்று. சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட நில்லாமல் ஓடி வந்தார். உள்ளறையில் நான் பொரிகடலையோடு நிமிர்ந்தேன். என்னைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். கிரீஸ் வாசனை. அதற்குள் அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சொல்லச் சொல்ல அப்பாவின் பிடி தளர்ந்துகொண்டே வந்து, கடைசியில் நான் தரையில் நின்றேன்.

“கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? கவர்மெண்டு புஸ்தகம்ளா அது! தெரிஞ்சா மெமோ. என்கொயரி. வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போவ? சங்கரங்கோயிலுக்கா?”

“அந்தப் பிள்ள செத்துருக்கும். டாக்டரே சொல்லுதாவ, இன்னும் ஒரு மணிநேரம் போயிருந்தா கையில ஒண்ணுமில்லன்னு.”

“அதுக்கு?”

அப்பா ஈயச்சொம்பை எடுத்து ஒரே மூச்சில் தண்ணீர் குடித்தார். பிறகு சொம்புக்குள்ளே பார்த்துக்கொண்டே கேட்டார்: “இப்ப அதுக்கு எப்படி இருக்கு?”

இப்படியாக நான் கேஸானேன். வெளியே தலை காட்டக் கூடாது. ஓடக் கூடாது, பாடக் கூடாது, தும்மினால் தலையணையில் தும்ம வேண்டும். உண்மை தெரிந்த ஒரே வெளியாள் மேல்வீட்டுக் கோயம்புத்தூர் அத்தை. அத்தைதான் மாடிப்படியில் அழுத முகத்தோடு நின்று, பார்க்க வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினாள். “பாவமுங்க, புள்ள தொவண்டு போய்க் கெடக்குதுங்க” என்று அத்தை சொல்வதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டு, எனக்கே என் மேல் இரக்கம் வந்தது.

என் கோபத்துக்குக் காரணங்கள் இருந்தன. அந்த வாரம் சனிக்கிழமை தொழிற்சாலை விளையாட்டு விழா. எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் நான் இருந்தேன். கடப்பாரையே விழுந்தாலும் எலுமிச்சை விழாத அளவுக்குப் பழகியிருந்தேன். பரிசு ஒரு மூடி போட்ட சோப்பு டப்பா. இரண்டாவது காரணம், ரொட்டி. ஆஸ்பத்திரியில் அஞ்சலைக்கு வெண்ணெய் தடவாத ரொட்டியும் சாத்துக்குடிச் சாறும் கொடுக்கிறார்களாம். என் பெயருக்கு வந்த சாத்துக்குடி. மூன்றாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வார்டுக்குள் தாய்க்கு மட்டும்தான் அனுமதி. அதனால் உள்ளே கட்டிலருகே என் அம்மா. அஞ்சலை நர்ஸ் முன்னால் அவளை “அம்மா” என்று கூப்பிட வேண்டும். பெற்றவள் கேட்டுக்கு வெளியே கஞ்சி ஃபிளாஸ்க்கோடு நின்று, வாட்ச்மேனிடம், “நா அவங்க ஊட்ல வேல செய்றவ சார், பாப்பாக்கு எப்பிடி கீதுன்னு கேட்டு சொல்லு சார்” என்று கெஞ்ச வேண்டும். இதை அம்மா அத்தையிடம் சொல்லிக் குரல் கம்மினாள். எனக்கு அதில் கம்முவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அம்மா இல்லாமல் கிடந்தது நானல்லவா?

செவ்வாய்க்கிழமை அரசாங்கம் வந்தது.

வாந்திபேதி கேஸ் ஒன்று சேர்ந்தால் ஆஸ்பத்திரி உடனே சுகாதார அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். பெயர், வயது, விலாசம். விலாசம் எங்கள் விலாசம். ஜீப் வந்து எங்கள் மாடிப்படி வாசலில் நின்றது. ஜன்னல் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வைபவத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் சுத்தமான வாசலில், சுத்தமான சிமெண்டுக் கால்வாயில், பிளீச்சிங் பவுடரை அள்ளி அள்ளி இறைத்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஏறி மருந்து கலந்தார்கள். நாலு ஜில்லாவும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டது. வீட்டுக்கு இரண்டு உப்புச் சர்க்கரைப் பொட்டலம். எங்கள் கதவில் ஒருவர் சாக்பீஸால் எண் எழுதினார். வெள்ளை வெளேரென்று, மார்கழி மாதிரி ஆகிவிட்டது எங்கள் வாசல்.

ஜீப்போடு வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர். கக்கத்தில் பெரிய ரிஜிஸ்டர். சமைத்து எடுத்துப்போக வந்திருந்த அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்: “பொண்ணு எப்படிம்மா இருக்கு?”

“இப்ப தேவல சார். சார், ஒண்ணு சொல்லணும். சுவத்துக்கு அந்தாண்ட ஒரு தெரு இருக்கு. அங்கன உள்ள தண்ணிதான் சார் மோசம். இந்தப் பவுடர அங்கன போட்டாத்தான் பிரயோசனம்.”

“அங்க கேஸ் ரிப்போர்ட் ஆகலியேம்மா.”

“வீட்டுக்கு ரெண்டு பேரு கெடக்காங்க சார்.”

“கெடப்பாங்க. எந்த ஆஸ்பத்திரியில சேந்திருக்காங்க? பேப்பர் இல்லாம நான் லாரி அனுப்ப முடியாதும்மா. எனக்குக் குடுத்திருக்கறதே நாலு மூட்டை. கேஸ் இருக்கற எடத்துக்குத்தான் போட்டேன்னு நான் கணக்குக் காட்டணும்.”

கேஸ் இருக்கிற இடம் கதவுக்குப் பின்னால், மூன்றடி தூரத்தில், வாய் நிறையப் பொரிகடலையோடு மெல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

புதன்கிழமை எஸ்டேட் ஆபீஸ் விழித்துக்கொண்டது. குவார்ட்டர்ஸுக்குள் வாந்திபேதி என்றால் அது வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வெளி என்றால் ஓட்டை. இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். இந்த முறை செங்கல் மட்டுமில்லை. சிமெண்டு, மேலே கண்ணாடிச் சில்லு. மத்தியானத்துக்குள் ஓட்டை இல்லை. அந்தாண்டை குடங்கள் வந்து நின்று, சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. எங்கே போயிருக்கும்? சாக்கடைக்குள் படுத்திருந்த குழாய்க்குத்தான்.

அன்றைக்குத்தான் அம்மாவுக்கு விஷயம் உறைத்திருக்க வேண்டும். அடுப்படியில் நின்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஒரு பிள்ளைய உள்ள கொண்டுபோய்ச் சேத்தேன் மைனி. அதுக்கு அந்தத் தெரு முழுசுக்கும் கதவச் சாத்திட்டாவளே.”

“நீங்க என்னங்க்கா பண்ணுவீங்க?” என்றாள் அத்தை. பண்ணினார்கள். மாடிப்படிக்கு ஒரு அண்டா என்று அடுப்பில் ஏற்றினார்கள். ஏழெட்டுப் பெண்கள் தண்ணீரைக் காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஸ்டூல் மேல் ஏறி, கண்ணாடிச் சில்லு மேல் கோணியை மடித்துப் போட்டு, வாளியில் கயிறு கட்டி அந்தாண்டை இறக்கினார்கள். வந்திருந்த இலவசப் பொட்டலங்கள் அத்தனையும் அந்த வழியாகவே போயின. அத்தைக்குக் கையில் கண்ணாடி கிழித்து நாலு தையல். ஒரு தெருவுக்கு நாலு அண்டா எந்த மூலைக்கு?

அதற்குப் பிறகு இரண்டு நாள் அம்மா அலைந்தாள். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் ஆபீஸ். முனிசிபாலிட்டியில், அந்தக் குழாய் தொழிற்சாலை போட்டது, அங்கே கேள் என்றார்களாம். எஸ்டேட் ஆபீஸில், சுவருக்கு வெளியே புல் முளைத்தாலும் எங்களுடையதில்லை என்றார்களாம். சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸம்மா மட்டும் உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, “கேஸ் நம்பர் இருக்காம்மா?” என்று கேட்டாராம். கேஸ் நம்பர்! அம்மா வீட்டுக்கு வந்து செருப்பை இரண்டு திசையில் உதறினாள். நான் சனிக்கிழமை எலுமிச்சை ஓட்டத்தைப் பற்றி ஆரம்பித்தேன்.

“எலுமிச்சையாட்டி கேக்கு உனக்கு?”

“எனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே! என்னைய எதுக்குப் பூட்டி வெச்சிருக்க? அவ பேர அவகிட்டயே குடு. எம்பேர வாங்கிட்டு வா!”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள், திங்கட்கிழமை பீரோ முன்னால் பார்த்த அதே கணக்கோடு.

சனிக்கிழமை மைதானத்தில் ஒலிபெருக்கி பேசியது. எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம் என்று அது கூப்பிட்டபோது நான் வாயில் கரண்டியைக் கவ்வி உள்ளறைக்குள்ளேயே மூன்று சுற்று ஓடினேன். ஜெயித்தேன். அப்போது சுவருக்கு அந்தாண்டையிலிருந்து மேளம் கேட்டது. நல்ல துள்ளலான மேளம். என் வெற்றிக்கென்றே வந்தது போல இருந்தது. கட்டிலில் ஏறி ஆடினேன். அம்மா உள்ளே வந்து என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அம்மா அதுவரை என்னை அப்படி அடித்ததில்லை. அந்தத் தெருவில் பூ விற்கிற தாத்தா ஒருவர் உண்டு. என் பின்னலுக்குத் தினமும் ஒரு முழம் கொசுறாகத் தருபவர். அவரைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆடினதற்கா அறை, கரண்டியை எச்சில் பண்ணினதற்கா அறை என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். ஏழு நாளாகப் புதுக் கேஸ் இல்லை என்றால் எங்கள் கட்டடத்தின் கணக்கை முடித்துக்கொள்ளலாமாம். அப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஃபேனை அவர் பக்கம் திருப்பினார். ரிஜிஸ்டர் மடியில் விரிந்தது. கதவிடுக்கில் என் கண்.

“உங்க பக்கம் சுத்தமா கன்ட்ரோல் ஆயிடுச்சு சார்” என்றார் அவர், அப்பாவைப் பார்த்து. “கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

அப்பா பேனாவை வாங்கினார். அப்போது அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல், ஊரே கேட்கிற மாதிரி:

“ஏட்டி கோமதீ! சாருக்கு மோர் கொண்டு குடு.”

நான் அசையவில்லை. அம்மா மறந்துவிட்டாள், பாவம். அலைச்சலில் புத்தி குழம்பிவிட்டது. நான் இங்கே இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்பதை யாராவது அவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

“ஏட்டி, காதுல விழலியா? வா வெளிய.”

உள்ளறைக் கதவை அம்மாவே திறந்தாள். என் கையில் மோர் டம்ளரை வைத்தாள். விளிம்பு வரை மோர். ஏழு நாள் இருட்டுக்குப் பிறகு கூடத்து வெளிச்சத்தில் கண் கூசியது. நான் நடந்தேன். எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்துக்குப் பழகிய நடை, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அப்பா பேனாவைப் பிடித்தபடியே உறைந்துபோயிருந்தார்.

இன்ஸ்பெக்டர் மோரை வாங்கி, சிரித்து, “பாப்பா யாரு? பெரிய பொண்ணா?” என்றார்.

“இதான் சார் உங்க கேஸு” என்றாள் அம்மா.

இன்ஸ்பெக்டரின் விரல் ரிஜிஸ்டரில் என் பெயரைத் தேடியது.

“கோமதி, வயசு ஒம்பது. எழுதிருக்கீயள்ளா? இவதான். இவளுக்கு ஒரு தும்மல்கூட கெடையாது. அங்கன படுத்துக் கெடக்கது சுவத்துக்கு அந்தாண்ட உள்ள பிள்ள. எங்க புஸ்தகத்தக் காட்டி நான்தான் சேத்தேன். தப்புத்தான். என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா இப்பம் சொல்லுங்க சார், அந்தத் தெருவுல கேஸ் இருக்கா, இல்லியா?”

அவர் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். வைக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நான் நெளிந்தேன். கெடுத்துவிட்டேன் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. அம்மா மறதியாகக் கூப்பிட்டாலும் நான் வந்திருக்கக் கூடாது.

“ஏம்மா,” என்றார் கடைசியில், ஏறக்குறைய அழுகிற குரலில், “இதை செவ்வாக்கெழம சொல்லக் கூடாதா?”

“செவ்வாக்கெழம சொல்லிருந்தா அந்தப் பிள்ளையக் கட்டில்லேருந்து எறக்கிருப்பீய.”

அவர் மோரைக் குடித்து முடித்தார். ரிஜிஸ்டரில் எங்கள் விலாசத்தின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டு, “தெருவுக்கு என்ன பேரு?” என்றார். அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. தினமும் துணி போய் வந்த தெரு. பெயர் யாரும் கேட்டதில்லை. அத்தை மாடிப்படியில் ஓடி இறங்கி, ஸ்டூல் மேல் ஏறி, சுவருக்கு அந்தாண்டை கத்திக் கேட்டு வந்து சொன்னாள்.

அன்று சாயங்காலமே தண்ணீர் லாரி போயிற்று. சாக்கடையைத் தோண்டிக் குழாயின் உடைசலைக் கண்டுபிடித்தார்கள். அந்தாண்டை இருந்த வாசல்களும் வெள்ளை வெளேரென்று ஆயின. நாலைந்து நாளில் கண்ணாடிச் சில்லோடும் சிமெண்டோடும் செங்கல்கள் மறுபடி நடந்துபோயின. அத்தை வீட்டில் புதிதாக ஒரு கடப்பாரை இருந்ததை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரி டாக்டர் பாட்டிலைக் கழற்றச் சொல்லவில்லையாம். அட்டையில் பெயரை மட்டும் மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு மெமோ வந்தது. மெடிக்கல் புத்தகத்தை ஆறு மாதம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அடுத்த கட்டடத்துக்காரருக்குப் போனது. விளக்கக் கடிதத்தில் அப்பா, தன் மனைவிக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் தான் சொல்லித்தான் செய்தாள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் திங்கட்கிழமைக் காலை அவர் மெஷின் முன்னால் நின்றதற்கு அட்டையில் மணி குத்தியிருந்தது. அப்பா வாழ்நாளில் எழுதிய ஒரே கதை அதுதான், அதுவும் ஒருவரும் நம்பாத கதை. எழுதி முடித்து, அம்மாவிடம் ஒரு மாதம் பேசவில்லை. சட்டையை மட்டும் முன்னைப் போலவே இஸ்திரிக்காரம்மாவிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தார்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டேயில்லை. நான் அஞ்சலைக்காகக் காத்திருந்தேன். பழி வாங்க.

அவள் பத்து நாள் கழித்து ஓட்டை வழியாகக் குனிந்து வந்தாள். என் பழைய பாவாடை இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்திருந்தாள். வாதாமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

“சாத்துக்குடி எத்தன குடிச்ச?” என்றேன்.

“நெறிய. கசந்துகினு இருக்கும்.” புறங்கையைக் காட்டினாள். ஊசி ஏறிய இடம் நீலமாகக் கன்றியிருந்தது. “உம்பேரு சோக்கா கீதுடி கோமதி.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“மெய்யாலும். கோமதீன்னு ஒருவாட்டி சொன்னா போதும், நர்சம்மா ஓடியாரும், டாக்டரு ஓடியாருவாரு. கோமதிக்குக் காச்சல் பாரு, கோமதிக்குப் பால் குடு. ஜீப்புகூட வந்துச்சாமே உம்பேருக்கு? அப்பால ஞாய்த்திக்கெழம வந்து அட்டைல எம்பேர எழுதிட்டாங்கோ.” அவள் ஒரு வாதாங்கொட்டையை எடுத்துக் கல்லில் தட்டினாள். “மறுநாளே, இனிமே ஊட்ல பாத்துக்கோன்னு அனுப்ச்சிட்டாங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. சங்கரன்கோயில் அம்மனின் பெயர் அது, பள்ளிக்கூடத்தில் இரண்டு கோமதி இருந்ததால் எனக்குச் சலித்துப்போயிருந்த பெயர். அதில் இவ்வளவு அழகு இருந்ததை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. உள்ளே ஓடிப்போய் நோட்டுத் தாளைக் கிழித்து, கோடு போட்டு, என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் நாலு பூ வரைந்து கொண்டுவந்தேன்.

“இந்தா, வெச்சுக்கோ. இன்னொரு தடவ காச்சல் வந்தாலும் எடுத்துக்கோட்டி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அஞ்சலை தாளைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள். நாலாய் மடித்தாள். ஒரு கையில் பாவாடை, ஒரு கையில் வாதாங்கொட்டைகள் என்பதால் மடித்த தாளைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஓட்டைக்குள் குனிந்து, அந்தாண்டை போனாள்.